தேவையில்லாத ஆணியும் ஒரு சுத்தியலும்

பழவேற்காட்டில் பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் போகிற வழியில், மணலில் இழுத்துப் போட்டிருந்த ஃபைபர் படகு ஒன்றை நாலு பேர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் மாட்டுகிற பலகை ஆட்டம் கொடுத்துவிட்டதாம். இளைஞன் ஒருவன் படகின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு நேர் கீழே, தலை நரைத்த ஒருவர் குனிந்து மணலில் விழுந்த நட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, தலைய அப்பால எடு. கை தவறிச்சுன்னா ஊரே உனக்காக வேண்டிக்கணும்."

நாலு பேரும் சிரித்தார்கள். வழியில் போன நானும் நின்று சிரித்தேன். நேசமணி என்ற பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை. அவர்களுக்கும் எனக்கும் அதற்கு முன் அறிமுகமே இல்லை. ஆனால் நான் சிரித்த இடத்தை வைத்தே என்னைத் தேர்வில் பாஸ் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. பேச்சு டீக்கடை வரை நீண்டது.

நேசமணியின் தலையில் இறங்கிய அந்தச் சுத்தியல் முதலில் விழுந்தது மலையாளத்தில். 1999-ல் இயக்குநர் சித்திக் எடுத்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்தில், பழைய மாளிகை ஒன்றுக்குப் பெயின்ட் அடிக்க ஒரு கும்பல் போகிறது. அதற்குத் தலைவர் லாசர் இளையப்பன். வேடம் கட்டியவர் ஜகதி ஸ்ரீகுமார். சுத்தியல் அவர் தலையில்தான் இறங்கியது. 'இளையப்பன்' என்றால் மலையாளத்தில் அப்பாவின் தம்பி, நம் வழக்கில் சித்தப்பா. உறவு முறையே அங்கே பெயராக ஒட்டிக்கொண்டிருந்தது.

2001 பொங்கலுக்கு அதே சித்திக் அதே பெயரில் தமிழில் எடுத்தார். விஜய், சூர்யா, ரமேஷ் கண்ணா, இளையராஜா இசை என்று எல்லாம் இருந்த படம். இன்று அதன் கதையைக் கேட்டால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். காண்ட்ராக்டர் நேசமணியைக் கேளுங்கள், ஜமீன் மாளிகையில் அவருக்கு நடந்த ஒவ்வொரு சேதத்தையும் வரிசை தப்பாமல் ஒப்பிப்பார்கள். வடிவேலு அந்த வேடத்தில் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நேசமணி முதலாளி இல்லை. வேலையைப் பேசி எடுத்துக்கொண்டு வந்த இடைத்தரகர்தான். மேலே மாளிகைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். கீழே, கூட்டி வந்த ஆட்கள் ஒருவரும் சொல் பேச்சுக் கேட்கிறதில்லை. அதிகாரக் குரலில் தொடங்கும் ஒவ்வொரு வாக்கியமும் பாதியில் கெஞ்சலாக மாறுகிறது. ஆணி பிடுங்கச் சொன்னால் வேண்டாத ஆணியைப் பிடுங்குகிறார்கள். நிற்கச் சொன்னால் நடக்கிறார்கள். கடைசியில் உறவுக்காரப் பையன் கிருஷ்ணமூர்த்தி மேலேயிருந்து சுத்தியலைத் தவறவிடுகிறான். அடி வலிக்கிறது என்பதைவிட, இந்த நிலையிலும் வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டுமே என்ற கவலை அந்த முகத்தில் தெரிகிறது. யாரையாவது வைத்து வேலை வாங்கியவர்கள், யாரிடமாவது வேலை செய்தவர்கள், இரண்டு தரப்பும் சிரிக்கிற முகம் அது.

அதே 2001 ஜூலையில் இங்கிலாந்தில் பிபிசி 'தி ஆஃபீஸ்' என்ற தொடரைத் தொடங்கியது. ஸ்லௌ என்ற சோபையற்ற ஊரில் காகிதம் விற்கிற ஒரு கிளை அலுவலகம், அதன் அசட்டு மேலாளர். முதல் அத்தியாயத்திலேயே ஒருவன் பக்கத்து இருக்கைக்காரனின் ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் புதைத்து வைக்கிறான். 2005-ல் தொடர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரில் இறங்கியபோது, மேலாளர் மாறினார், கம்பெனி மாறியது. ஸ்டேப்ளர் மட்டும் ஜெல்லியோடு அப்படியே போய்ச் சேர்ந்தது. கொச்சியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்த சுத்தியலுக்கு அது சித்தப்பா பிள்ளை முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கத் தொடர் 2013 வரை 201 அத்தியாயங்கள் ஓடியது. 2007-லேயே ரசிகர்கள் ஸ்க்ராண்டனில் திரண்டு மாநாடு போட்டார்கள். பிறகு ஊருக்கு ஊர் மதுக்கடைகளில் இந்தத் தொடரை மட்டுமே வைத்து வினாடி வினா இரவுகள் நடந்தன. வியாபாரம் மந்தமான வார நாட்களில் ஆள் சேர்க்க இங்கிலாந்து மதுக்கடைகள் 1970களில் பிடித்த வழி, தொடரின் ரசிகர்களுக்குக் கோவில் திருவிழா போல ஆகிவிட்டது. மேசைக்கு ஒரு அணி, கையில் தாள், மைக்கில் ஒருவர், கடைசியில் மதிப்பெண்.

நம் பக்கம் வினாடி வினா வந்த வழியே வேறு. 1967-ல் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் ஒரு தேவாலய மண்டபத்தில் தொடங்கி வைத்தது. சென்னையில் பல ஆண்டுகள் ஆகஸ்ட் 15 என்றால் டாக்டர் நவீன் ஜெயக்குமார் நடத்தும் லேண்ட்மார்க் க்விஸ் என்று ஒரு கூட்டம் குடும்பத்தோடு கிளம்பும். எல்லாம் ஆங்கிலம், எல்லாம் பொது அறிவு. வடிவேலுவுக்கு அங்கே பெஞ்சு கிடையாது. அவருக்கான போட்டி ஹாஸ்டல் அறையிலும், ஷேர் ஆட்டோவிலும், கல்யாண வீட்டு மொட்டை மாடியிலும் நடந்துகொண்டிருந்தது. கேள்வி கேட்டு நடப்பதும் இல்லை. ஒருவர் ஒரு வரியின் பாதியைச் சொல்வார், இன்னொருவர் மீதியைச் சொல்ல வேண்டும். வண்டு முருகன் என்ன தொழில், எந்தப் படம்? கைப்புள்ள எந்தப் படம்? இதையெல்லாம் நேரடியாகக் கேட்பது கொஞ்சம் மட்டமான ஆட்டம். நடக்கிற சம்பவத்துக்குப் பொருத்தமான வசனத்தை அந்த நொடியில் எடுத்து வீசுவதுதான் உயர்ந்த ஆட்டம். தவறான இடத்தில் வீசினால் மதிப்பெண் போகும், மானமும் போகும்.

சுத்தியலுக்கு முன்பே பயணம் கிளம்பியது ஆணி. 2000களின் நடுவில் தமிழ் வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில், பெங்களூரிலும் நியூ ஜெர்சியிலும் கணினி முன் உட்கார்ந்திருந்த பதிவர்கள் அலுவலக வேலைக்கு 'ஆணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இந்த வாரம் ஆணி அதிகம், பதிவு போட நேரமில்லை" என்று எழுதினால் எல்லாருக்கும் புரிந்தது. மேலதிகாரி திடீரென்று கேட்கும் அறிக்கை, யாரும் படிக்காத அட்டவணை, வெள்ளி மாலை ஐந்து மணிக்கு வைக்கிற கூட்டம் எல்லாம் 'தேவையில்லாத ஆணி'. யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. 2013-ல் விஜய் டிவி 'ஆபீஸ்' என்ற பெயரிலேயே ஐ.டி. கம்பெனித் தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. அதன் காதல் ஜோடிக்கு ரசிகர்கள் உண்டு. ஆனால் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் தங்கள் வேலையைக் குறிக்கச் சொல் தேடியபோது அது பெயின்ட் அடிக்கிற இடத்திலிருந்துதான் கிடைத்தது. குளிரூட்டிய அறையில் இருப்பவனும் தன்னை நேசமணியின் ஆளாக உணர்ந்திருக்கிறான். சில சமயம் நேசமணியாகவே.

சுத்தியலின் முறை 2019 மே மாதக் கடைசியில் வந்தது. பாகிஸ்தானிலிருந்து இயங்கும் ஒரு கட்டடப் பொறியியல் முகநூல் பக்கம் சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. நேர்மையான கேள்வி. தமிழ் இளைஞர் ஒருவர் ஆங்கிலத்தில் பதில் எழுதினார்: இதன் பெயர் சுத்தியல், தட்டினால் இப்படிச் சத்தம் வரும், பெயின்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையை ஜமீன் மாளிகையில் வைத்து அவருடைய உறவுக்காரப் பையன் இதனால்தான் உடைத்தான், பாவம். இன்னொருவர் வந்து, அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். அவ்வளவுதான். 'ப்ரே ஃபார் நேசமணி' என்ற ஹாஷ்டேக் 29-ஆம் தேதி ட்விட்டரில் உலக அளவில் முதலிடத்துக்குப் போனது. மறுநாள் 30-ஆம் தேதி பிரதமர் மோடி இரண்டாம் முறை பதவியேற்பு, அதே நாள் இங்கிலாந்தில் உலகக் கோப்பைத் தொடக்கம். இரண்டுக்கும் நடுவில் நேசமணி கட்டுப்போட்ட தலையோடு படுத்திருந்தார். மருத்துவமனை அறிக்கை பாணியில் அறிக்கைகள், செய்திச் சேனல் பாணியில் நேரலைகள். 2016-லும் 2018-லும் இரண்டு பெரிய தலைவர்களுக்காக மருத்துவமனை வாசலில் நாள்கணக்கில் காத்திருந்த மாநிலம் இது. அந்த அறிக்கைகளின் மொழிநடை எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்தது. வடக்கே இருந்தவர்கள் நேசமணி யார், எந்தக் கட்சி என்று பதறிக் கேட்டதும், பத்திரிகைகள் ஆங்கிலத்தில் விளக்கக் கட்டுரை எழுதியதும் நகைச்சுவையின் இரண்டாம் பாகம்.

எனக்கு அந்த முதல் பதில்தான் முக்கியம். சம்பவ இடம், பாதிக்கப்பட்டவரின் பெயர், தொழில், ஆயுதம், குற்றவாளிக்கும் அவருக்கும் உள்ள உறவு. காவல் நிலைய எழுத்தர்கூட முதல் தகவல் அறிக்கையை இவ்வளவு சுத்தமாக எழுதமாட்டார். ஸ்க்ராண்டன் ரசிகர் என்றால் முழு மதிப்பெண் போட்டிருப்பார். ஒரே ஒரு குறை. ஆங்கிலத்தில் 'நெஃப்யூ' என்று வந்துவிட்டது. அண்ணன் மகனா, அக்கா மகனா? மருமகன் என்றால் கதையே வேறு. மலையாள இளையப்பனைத் தெரிந்தவர்களுக்கு விடை சுலபம்.

இதெல்லாம் நடந்தபோது வடிவேலு திரையில் இல்லை. ஒரு படத் தகராறில் அவருக்குப் படங்கள் நின்றுபோயிருந்தன. 2021-ல்தான் தடை நீங்கியது. 2023-ல் 'மாமன்னன்' வந்து வேறொரு முகத்தைக் காட்டியது. அந்தப் பக்கம் ஜகதி ஸ்ரீகுமார் 2012 மார்ச்சில் நடந்த கார் விபத்துக்குப் பிறகு நடிக்க முடியாமல் இருந்தார். சுத்தியலை வாங்கிய இரண்டு தலைகளும் வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோது, சுத்தியல் மட்டும் உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. ஹாஷ்டேக்குக்கு அடுத்த மாதமே, 2019 ஜூன் 28-ல், ஹாட்ஸ்டார் 'தி ஆஃபீஸ்' தொடரின் இந்தி வடிவத்தை வெளியிட்டது. தமிழ் ரசிகர்கள் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் கோட்டா ஏற்கெனவே தீர்ந்திருந்தது.

பழவேற்காட்டுக்கு வருவோம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு ஓரம்தான் நம்முடையது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இன்றும் 'பாடு' என்ற ஏற்பாடு உண்டு. இறால் வலை கட்டும் இடத்துக்குச் சீட்டுப் போட்டு, தலைக்கட்டு வாரியாக முறை வைத்துத் தொழில் செய்வார்கள். இன்று எனக்கு நல்ல இடம், நாளை உனக்கு. அங்கே காண்ட்ராக்டருக்கு வேலையில்லை. ஆனால் தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் என்று துறைமுகமும் அனல் மின்நிலையமும் வந்தபின், கடலில் வருமானம் குறைந்த வீட்டுப் பையன்கள் பைக்கில் ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள். 'காண்ட்ராக்ட்' என்ற சொல் இங்கே சிரிக்கவும் வைக்கும், சம்பள நாளில் முகத்தைச் சுருங்கவும் வைக்கும். சுத்தியல் வைத்திருந்த இளைஞனும் அப்படி இரண்டு வருடம் போய்விட்டுத் திரும்பியவன்தான்.

சித்தப்பா என்று அழைக்கப்பட்டவரிடம் ஆணியைப் பற்றிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"கட்டுமரத்துக்கு ஏதுபா ஆணி? கயிறு போட்டுக் கட்டுறதுதானே. கடல்ல அந்தக் காலத்துல தையல் படகு ஓடிச்சாம், பலகையத் தென்னங்கயிறால தெச்சிருப்பாங்கோ. ஆணி அடிச்சா அலைல மோதிப் பிளந்துக்கும்னு சொல்லுவாங்கோ. ஏரிக்குள்ள ஓட்டுற பலகைப் படகுக்குத்தான் ஆணி. சுனாமிக்கு அப்புறம் எல்லாம் ஃபைபர் ஆயிப்போச்சு. இப்ப அந்த ஆணியும் இல்ல."

"அப்ப எல்லாமே தேவையில்லாத ஆணி" என்றான் படகுக்காரப் பையன். டீக்கடையே சிரித்தது. ஆட்டத்தில் அது அன்றைய உச்சம். அதற்கு மேல் யாரும் போக முடியாது என்று நினைத்தேன். அந்தக் கடையில் ஒரு விதி இருப்பதாகச் சொன்னார்கள். வெளியூர்க்காரர் ஒரு கேள்விக்காவது பதில் சொல்ல வேண்டும், தவறினால் டீ அவர் கணக்கு.

"ஈஸியாத்தான் கேக்குறேன், சார்" என்றான் அவன். "ஜமீன் மாளிகைக்கு அவங்கோ அடிக்க வந்த பெயின்ட்டு இன்னா கலரு?"

இருபது தடவையாவது பார்த்திருப்பேன். சுத்தியல் தெரிகிறது, தலை தெரிகிறது, கிருஷ்ணமூர்த்தியின் முழி தெரிகிறது. சுவர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. பெரியவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடைக்காரரிடம் ஆறு டீ, நாலு பொறை என்று கணக்குச் சொன்னார்.