இல்லாதவரின் கையெழுத்து

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. இடிக்கப்பட்ட வீடுகளின் தேக்குத் தூண்களும், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பாத்திரங்களும், பெல்ஜியம் கண்ணாடிகளும் அங்கே விலைக்குக் காத்திருக்கின்றன. இவற்றுக்கிடையே சில சமயம் காகிதக் கட்டுகளும் அகப்படும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு கட்டைப் புரட்டியபோது ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட பத்திரம் ஒன்று கண்ணில் பட்டது. ஒற்றை வாக்கியம் இரண்டு பக்கங்களுக்கு நீண்டிருந்தது. கடன் கொடுக்க, வசூலிக்க, அடமானம் பிடிக்க, நிலம் வாங்க, விற்க, வழக்குத் தொடுக்க, சமாதானமாகப் போக என்று ஒரு மனிதன் செய்யக்கூடிய அத்தனை காரியங்களையும் அது அடுக்கியிருந்தது. கீழே தமிழில் ஒரு கையெழுத்து. இரங்கூனுக்குப் போகும் ஏஜெண்டுக்கு முதலாளி எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம் அது.

இன்று இதை நாம் 'பவர்' என்ற ஒற்றைச் சொல்லால் அழைக்கிறோம். 'பவர் எழுதிக் கொடுத்துவிட்டேன்' என்கிறோம். பழைய நீதிமன்ற வழக்கில் முக்தியார்நாமா என்றார்கள். வழக்கறிஞருக்கு நாம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வக்காலத்துநாமா அதன் உடன்பிறப்பு. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒரு விசித்திரமான கற்பனை. ஓர் இடத்தில் இல்லாத மனிதன், அங்கே இருப்பவனுடைய கையின் வழியாகக் கையெழுத்திடுகிறான். சட்டம் அதை அவனுடைய கையெழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது.

தனக்காக இன்னொருவர் பேசுவது என்பது நமக்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் பிராமணப் பெண்கள் நிலம் விற்கும்போதோ கொடுக்கும்போதோ 'முதுகண்' என்றொருவர் குறிப்பிடப்படுகிறார். அவளுக்காக முன்நின்று காரியத்தை நடத்தும் ஆண் துணை அவர். நிலம் அவளுடையது, வாய் அவருடையது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1882ஆம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டத்தைப் படித்தால் ஒரு பிரிவு நம்மை நிறுத்தும். மிகச் சிறிய சட்டம் அது. அதன் ஐந்தாவது பிரிவு, மணமான பெண் ஒருத்தி தான் மணமாகாதவள் போலவே கருதப்பட்டுத் தனக்கென ஒரு முகவரை நியமித்துக்கொள்ளலாம் என்கிறது. முதுகண் மரபு அவளுக்கு அளித்த துணை. முகவரோ அவளே தேர்ந்தெடுத்துக்கொள்பவர். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சிறியதல்ல.

ஆனால் நடைமுறையில் அந்தத் தேர்வு எவ்வளவு சுதந்திரமானது என்பது வேறு கேள்வி. திரைமறைவில் வாழ்ந்த பெண்களிடமிருந்து பெறப்பட்ட பத்திரங்களை இந்தியாவின் நீதிமன்றங்களும் லண்டன் பிரிவி கவுன்சிலும் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்த்தன. படித்துக் காட்டப்பட்டதா, புரிந்துதான் கையெழுத்திட்டாளா என்பதை நிரூபிக்கும் பொறுப்பு பத்திரத்தால் பயனடைபவர் தலையிலேயே சுமத்தப்பட்டது. பவர் பத்திரத்தின் வரலாறு நம்பிக்கையின் வரலாறு என்றால், அது அவநம்பிக்கையின் வரலாறும்கூட.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடல்கடந்த வணிகம் முழுவதும் இந்தப் பத்திரத்தின் மேல்தான் நின்றது. முதலாளி தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ இருப்பார். கடை இரங்கூனிலோ மோல்மேனிலோ ஐராவதிக் கழிமுகத்தின் ஏதோ ஒரு சிற்றூரிலோ இருக்கும். அங்கே ஏஜெண்டு, அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்றாண்டுத் தவணை. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார், புதியவர் போவார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' படித்தவர்களுக்கு இந்த உலகின் வாடை பரிச்சயமானது. உறவும் ஊரும் கோயிலும் தந்த நம்பிக்கை செட்டிநாட்டுக்குள் போதுமானதாக இருந்திருக்கலாம். ஆங்கிலேயரின் பதிவு அலுவலகத்துக்கு அது போதவில்லை. அடமானத்தைப் பதிய, கடனுக்கு வழக்குப் போட எழுத்தில் அதிகாரம் வேண்டும். எனவே பொது அதிகாரப் பத்திரம்.

இங்கே பத்திரத்தின் முதல் இரண்டு வகைகளைப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் தருவது தனி அதிகாரம். அந்த வீட்டை விற்றதும் அது தீர்ந்துவிடும். எல்லாக் காரியங்களுக்கும் சேர்த்துத் தருவது பொது அதிகாரம். பத்திரம் ஏன் அவ்வளவு நீண்ட பட்டியலாக இருக்கிறது என்று நாம் வியப்பதுண்டு. காரணம், நீதிமன்றம் அதைக் கஞ்சனின் கண்ணோடு படிக்கும். 1893இல் பிரயண்ட் வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்ன விதி இன்றும் செல்லும்: வெளிப்படையாகவோ தவிர்க்கமுடியாத உட்பொருளாகவோ பத்திரத்தில் இல்லாத அதிகாரம் முகவருக்குக் கிடையாது. விற்கலாம் என்று எழுதியிருந்தால் கடன் வாங்கலாம் என்று பொருளாகாது.

1930களின் பர்மாவில் இந்த நீண்ட பட்டியலின் ஒவ்வொரு வினைச்சொல்லும் உயிர்பெற்றது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை. அடமான நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடை கணக்கில் ஏறின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938க்குள் அது ஏறத்தாழ 25 சதவீதமாயிற்று. அவர்கள் தேடிச் சென்ற செல்வமன்று அது. பணமாக வரவேண்டியது சேறாக வந்தது. ஆனால் நிலமிழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வேறுபாடு எதற்கு? அவன் எதிரே நின்றவர் மூன்றாண்டுச் சம்பளத்துக்கு வந்த ஏஜெண்டு. ஏஜெண்டைக் கேட்டால் முதலாளியின் நிலம் என்பார். முதலாளியோ அந்த வயலைக் கண்ணால் பார்த்ததில்லை. கையையும் முகத்தையும் பிரித்துவைப்பதுதான் பவர் பத்திரத்தின் சக்தி. அதன் பாவமும் அதுவே.

1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமானது. அதற்கு முன்பும் பின்பும் லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், வழியற்றவர்கள் அரக்கான், மணிப்பூர் மலைப்பாதைகளில் நடந்தும் வெளியேறினர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் இயற்றியது. பத்திரங்கள் செல்லுபடியாகவே இருந்தன. அவை ஆள்வதற்கு நிலம்தான் இல்லை. காரைக்குடியில் நான் பார்த்த காகிதம் அப்படி எஞ்சிய ஒன்றாக இருக்கலாம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சொத்து இருக்கிறது, பத்திரம் இறந்துவிடுகிறது. எழுதிக்கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்துவிடும் என்பதைப் பலர் அறிவர். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவில் அதோடு இன்னொன்றையும் சேர்க்கிறது: எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தாலும் அதிகாரம் முடியும். 202ஆம் பிரிவு ஒரு விலக்குத் தருகிறது. முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை இருந்தால், உதாரணமாக அவருக்கு வரவேண்டிய கடனுக்காக விற்க அதிகாரம் தரப்பட்டிருந்தால், மரணமும் அதை முறிக்காது. இதுவே ரத்துசெய்ய முடியாத பவர். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு கிரயப் பத்திரமே இல்லாமல் பவர் மூலமாகவே மனைகள் கைமாறிய காலம் ஒன்று இருந்தது. 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பவர் என்பது அதிகாரம், உடைமையன்று. அதன் மூலம் சொத்துரிமை மாறாது என்றது.

என்னை அதிகம் உறுத்துவது 201ஆம் பிரிவுதான். நினைவு மங்கத் தொடங்கிய ஒரு தாய், 'நீயே பார்த்துக்கொள்' என்று மகளுக்குப் பவர் எழுதிக்கொடுக்கிறாள். எந்த நாளுக்காக அதை எழுதினாளோ அந்த நாள் வரும்போது அந்தப் பத்திரம் செத்துப்போகிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் 1954லேயே, அறிவு தவறிய பின்னும் நீடிக்கும் அதிகாரத்தைச் சட்டமாக்கியது. இங்கிலாந்து 1985இல் அதைச் செய்து, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் மருத்துவ முடிவுகளுக்கும் விரித்தது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைக்காக ஒரு பிரதிநிதியை முன்கூட்டியே குறித்துவைக்க இடம் தருகிறது. வீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் அது உதவாது. நினைவிழந்து கிடப்பவர்களின் குடும்பங்கள் உயர் நீதிமன்றங்களின் படியேற வேண்டியிருக்கிறது. 2019இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கென நெறிமுறைகள் வகுத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் கிடந்த கணவரின் சொத்தைக் கையாள மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. நூற்றாண்டுக்கு முன் வெள்ளைத்தாளில் இரண்டு பக்கம் எழுதி ஏஜெண்டைக் கப்பலேற்றிய சமூகத்தில், படுக்கையறைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க ரிட் மனு தேவைப்படுகிறது.

சட்டத்தின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. அறிவு தவறியவரால் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. இரங்கூன் ஏஜெண்டு ஏமாற்றினால் முதலாளி பவரை ரத்துசெய்து ஆளை மாற்றலாம். மறந்துபோன தாயால் மகளை மாற்ற முடியாது. எல்லா அதிகாரப் பத்திரங்களிலும் எழுதப்படாமலேயே இருக்கும் கடைசி வரி அதுதான்: வேண்டாம் என்று சொல்லும் உரிமை என்னிடமே இருக்கிறது. அந்த வரியை எழுதியவர் இழந்த பிறகு அதை யார் காப்பது என்பதற்கு நம் சட்டம் இன்னும் விடை எழுதவில்லை.

அந்தக் காகிதத்தை நான் வாங்கவில்லை. கட்டில் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். பட்டியலிட்ட அத்தனை வினைச்சொற்களுக்கும் கீழே, சற்றே நடுங்கிய அந்தத் தமிழ்க் கையெழுத்து மட்டும் கண்ணில் நிற்கிறது.