முகவரியில் எழுதிய இரகசியம்: கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு வரலாறு

புக்கிட் மெர்தாஜாமில் நான் பணியாற்றும் பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சித் தேர்வு நடந்தது. முடிவுகளை இணையத்தில் பார்க்கத் தன்னார்வலர் ஒருவர் சிறிய பக்கம் ஒன்றைச் செய்து கொடுத்தார். அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் மதிப்பெண் வரும். எப்படிப் பார்ப்பது என்று பெற்றோர் சிலருக்குப் புரியவில்லை. சரி, ஒரு மாதிரி காட்டுவோமே என்று ஒரு மாணவனின் எண்ணைத் தட்டி, வந்த பக்கத்தின் லிங்க்கை அப்படியே எடுத்து வாட்சப் குழுவில் போட்டுவிட்டேன்.

பத்து நிமிடத்தில் அந்த மாணவனின் அம்மா அழைத்தார்.

“டீச்சர், என் பையனோட ஐசி நம்பர் முழுசா அந்த லிங்க்ல இருக்கு. எல்லார் கையிலயும் போயிருச்சே!”

“அழிச்சிட்டேன்மா, மன்னிச்சிக்குங்க.”

“நீங்க அழிச்சிட்டீங்க டீச்சர். திறந்து பார்த்தவங்க போன்ல இருக்கிறத யாரு அழிப்பா?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தபோது ஒன்று புரிந்தது. நான் செய்த தவறு புதியதல்ல. இணையம் தோன்றிய காலத்திலிருந்தே தொடர்ந்து வரும் தவறு. கணினி அறிவியல் பயிலும் மாணவர்களுக்கும், நாள்தோறும் லிங்க் அனுப்பும் நமக்கும் அந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

முகவரி எதற்காகப் பிறந்தது?

நம்மூர் செயின்ட் ஆன்ஸ் தேவாலயத்திற்கு அருகே செரோக் தொக்குன் கல்வெட்டு இருக்கிறது. 1840களில் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைப் பதிவு செய்தார். கல்லில் வெட்டுகிறவர், வழியில் போகிற எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் வெட்டுகிறார். இணைய முகவரியும் அப்படிப்பட்டதே.

1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் இணைய வலைக்கான முன்மொழிவை எழுதினார். ஆய்வாளர்கள் தங்கள் ஆவணங்களை ஒருவருக்கொருவர் சுட்டிக்காட்டுவதற்கு எளிய வழி வேண்டும் என்பதே நோக்கம். அதற்காக உருவானதுதான் யூஆர்எல் எனும் முகவரி. அதன் வடிவம் 1994 டிசம்பரில் ஆர்எஃப்சி 1738 என்ற ஆவணத்தில் முறையாக வரையறுக்கப்பட்டது. படியெடுக்கலாம், தாளில் எழுதலாம், நண்பருக்கு அனுப்பலாம், நாளை மீண்டும் திறக்கலாம். பகிர்வதற்கென்றே செய்த பொருள் அது.

கேள்விக்குறி வந்த கதை

தொடக்கத்தில் முகவரி ஓர் ஆவணத்தை மட்டும் சுட்டியது. பிறகு தேடல் வசதி வந்தது. தேடும் சொல்லை எங்கே வைப்பது? முகவரியின் இறுதியில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதன் பின்னால் எழுதினார்கள். இப்பகுதியை வினவல் சரம் என்கிறோம். அதிலுள்ள ஒவ்வொரு பெயர்–மதிப்பு இணையும் ஓர் அளவுரு. எடுத்துக்காட்டாக:

முடிவு?ஐசி=12031407&ஆண்டு=5

இங்கே ‘ஐசி’, ‘ஆண்டு’ ஆகிய இரண்டும் அளவுருக்கள். தேடும் சொல்லுக்கு இது நல்ல ஏற்பாடு. ‘பினாங்கு வரலாறு’ என்று ஒருவர் தேடியது வெளியே தெரிந்தால் பெரிய கேடில்லை. ஆனால் அதே இடத்தில் கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணும் உட்காரத் தொடங்கியபோதுதான் சிக்கல்.

வேறு வழி இல்லாமலில்லை. 1996 மே மாதம் வெளிவந்த எச்டிடிபி 1.0 ஆவணம் ‘கெட்’, ‘போஸ்ட்’ ஆகிய இரு முறைகளையும் விவரித்தது. ‘கெட்’ முறையில் படிவத்தின் மதிப்புகள் முகவரியில் ஒட்டிக்கொள்ளும். ‘போஸ்ட்’ முறையில் கோரிக்கையின் உடற்பகுதியில் செல்லும். 1999 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 2616, முக்கியமான தரவுகளை அனுப்பும் படிவங்களுக்கு ‘கெட்’ முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே எச்சரித்தது. அந்த எச்சரிக்கைக்கு இப்போது கால் நூற்றாண்டு வயது ஆகிவிட்டது.

படிவம் 5 கணினி அறிவியலில் பிஎச்பி படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘போஸ்ட்’ என்பது பூட்டு அல்ல. அது மதிப்பை முகவரியிலிருந்து அகற்றுகிறது, அவ்வளவுதான். வழியில் ஒட்டுக்கேட்பதைத் தடுக்க எச்டிடிபிஎஸ் வேண்டும்.

“எச்டிடிபிஎஸ் இருக்கே சார், அப்புறம் என்ன பயம்?”

வகுப்பில் மாணவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. எச்டிடிபிஎஸ் இணைப்பில், கேள்விக்குறிக்குப் பின்னுள்ள பகுதியும் மறையாக்கம் செய்யப்பட்டே செல்கிறது. வழியில் இருப்பவர் தளத்தின் பெயரை அறியலாம். அளவுருக்களைப் படிக்க முடியாது. ஆனால் கசிவு வழியில் மட்டுமா நடக்கிறது? இரு முனைகளிலும் நடக்கிறது:

1. உலாவியின் வரலாற்றுப் பட்டியலில் முழு முகவரியும் பதிவாகிறது. பள்ளிக் கணினி அறையில் அடுத்து உட்காருபவர் அதைப் பார்க்கலாம்.
2. வழங்கியின் பதிவுக் கோப்பில் ஒவ்வொரு கோரிக்கையின் முகவரியும் வழக்கமாக எழுதப்படுகிறது.
3. திரைப்பிடிப்பு எடுத்தால் முகவரிப் பட்டையும் சேர்ந்தே வருகிறது.
4. ஒரு பக்கத்திலிருந்து வேறொரு தளத்திற்குப் போகும்போது, ‘எங்கிருந்து வந்தேன்’ என்பதை உலாவி சொல்லிவிடுகிறது. இதன் பெயர் ‘ரெஃபரர்’.

நான்காவது வழியின் விளைவு 2010 மே மாதம் உலகுக்குத் தெரிந்தது. ஃபேஸ்புக், மைஸ்பேஸ் முதலிய தளங்களில் விளம்பரத்தைச் சொடுக்கியவரின் பயனர் அடையாளம், ரெஃபரர் வழியாக விளம்பர நிறுவனங்களுக்குப் போவதை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளேடு வெளியிட்டது. காரணம், அந்த அடையாளம் முகவரியிலேயே இருந்தது. உலாவிகள் திருந்துவதற்குப் பத்தாண்டு பிடித்தது. 2020இல் குரோம் உலாவியும் 2021இல் ஃபயர்ஃபாக்ஸும், வேற்றுத் தளத்திற்குத் தளப்பெயரை மட்டும் அனுப்புவதை இயல்பு நிலையாக்கின. மற்ற மூன்று வழிகள் இன்றும் திறந்தே இருக்கின்றன.

எண்ணை மாற்றினால் கதவு திறக்கிறதா?

முகவரியைப் பார்ப்பது ஒரு ஆபத்து. அதை மாற்றிப் பார்ப்பது இன்னொரு ஆபத்து.

2011இல் அமெரிக்காவின் சிட்டி வங்கியில் 360,000க்கும் மேற்பட்ட கடனட்டைக் கணக்குகளின் விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் முறைப்படி உள்நுழைந்த பிறகு, முகவரியில் இருந்த கணக்கு எண்ணை வேறோர் எண்ணாக மாற்றியிருக்கிறார்கள். அடுத்தவர் கணக்கு திறந்திருக்கிறது. பிறகு அதையே ஒரு நிரல் ஆயிரக்கணக்கான முறை செய்தது. 2019 மே மாதம் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற நிறுவனத்தின் தளத்திலும் இதே ஓட்டை வெளிப்பட்டது. ஆவண லிங்க்கில் ஓர் இலக்கத்தை மாற்றினாலே வேறொருவரின் வீட்டுக் கடன் ஆவணம் வந்தது. அவ்வாறு திறந்து கிடந்த பதிவுகள் 885 மில்லியன் என்று மதிப்பிடப்பட்டது.

இரண்டிலும் உண்மையான பிழை எது? எண் முகவரியில் தெரிந்தது மட்டுமல்ல. “நீ யார் என்று பார்த்துவிட்டேன், உள்ளே வா” என்றதோடு காவலர் நின்றுவிட்டார், “இந்த அறைக்குள் போக உனக்கு அனுமதி உண்டா?” என்று கேட்கவில்லை. முதலாவது அடையாளச் சரிபார்ப்பு, இரண்டாவது அனுமதிச் சரிபார்ப்பு. தேர்வில் இவ்விரண்டையும் ஒன்றாக எழுதும் மாணவர்கள் இந்த இரு நிகழ்வுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய 12 இலக்கங்கள்

மலேசியர்களான நமக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. மலாயாவில் அடையாள அட்டை 1948இல், அவசரகாலத்தில் அறிமுகமானது. இன்றைய 12 இலக்க எண் 1990இல் வந்தது. மைகாட் 2001இல் வந்தது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த இடம் (பினாங்குக்கு 07), இறுதி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். அதாவது எண்ணைப் பார்த்தாலே வயது, ஊர், பாலினம் மூன்றும் தெரிந்துவிடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு மாணவியின் பிறந்த நாள் தெரியும், பினாங்கில் பிறந்தவள் என்றும் தெரியும். மீதம் நான்கு இலக்கங்கள்: 10,000 வாய்ப்புகள். பெண் என்பதால் அதில் பாதி: 5,000. கைப்பேசி கூட இதை நொடியில் எண்ணி முடித்துவிடும்.

“எண்ணை அப்படியே போடாமல் உருமாற்றிப் போட்டால்?” என்று கேட்கலாம். பேஸ்64 என்பது வெறும் குறிமுறை; யார் வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம். படிவம் 3இல் படிக்கும் சீசர் மறையாக்கத்திற்குக் கூட எத்தனை எழுத்து தள்ளுவது என்ற சாவி உண்டு, பேஸ்64க்கு அதுவும் இல்லை. ஹேஷ் செய்தாலும் பயனில்லை. 2012ஆம் ஆண்டு முழுவதற்கும் 07 குறியீட்டில் இருக்கக்கூடிய எண்கள் 366 × 10,000, அதாவது 3.66 மில்லியன்தான். அத்தனையையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டால் மூல எண் அகப்பட்டுவிடும்.

நம் நாட்டு அனுபவமும் இருக்கிறது. 2017 அக்டோபரில் 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது தெரியவந்தது. அவற்றுள் அடையாள அட்டை எண்களும் இருந்தன. 2018 ஜூனில், பெற்றோர் பிள்ளைகளின் தேர்வு முடிவைப் பார்க்கும் கல்வி அமைச்சின் சாப்ஸ் அமைப்பு, பாதுகாப்புக் குறை பற்றிய புகாருக்குப் பின் தற்காலிகமாக மூடப்பட்டது. பெற்றோருக்கு அங்கே பிள்ளையின் அடையாள அட்டை எண்ணே திறவுகோலாக இருந்தது. ஒரே எண் பெயராகவும் சாவியாகவும் இருக்கக் கூடாது. பெயரை ஊரே அறியும். சாவி அப்படி இருக்க முடியுமா?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, நடப்புக்கு வந்தது 2013 நவம்பர் 15இல். 2024 திருத்தத்தின்படி, தரவுக் கசிவை ஆணையருக்கு அறிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் இச்சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அரசுப் பள்ளியில் இருக்கும் நாம், சட்டம் கேட்காவிட்டாலும் நாமாகவே கவனிக்க வேண்டும்.

எப்படிக் காப்பது?

பக்கம் செய்யும் மாணவர்களுக்கு:

• முக்கியமான மதிப்பை முகவரியில் வைக்காதீர்கள். ‘போஸ்ட்’ முறையும் எச்டிடிபிஎஸ்ஸும் சேர்ந்தே வேண்டும்.
• உள்நுழைந்தவர் யார் என்பதைக் குக்கி வழியாக நினைவில் வையுங்கள். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி உருவாக்கியது இந்த ஏற்பாடு. அமர்வு அடையாளத்தைக் குக்கியிலிருந்து மட்டுமே ஏற்பதை 2009இல் வெளிவந்த பிஎச்பி 5.3 பதிப்பு இயல்பு நிலையாக்கியது.
• முகவரியில் ஏதேனும் வைத்தே ஆகவேண்டும் என்றால் (கடவுச்சொல் மீட்பு லிங்க் போல), ஊகிக்க முடியாத நீண்ட சீரற்ற மதிப்பாக இருக்கட்டும். ஒருமுறை மட்டும் செல்லுபடியாகட்டும். சிறிது நேரத்தில் காலாவதியாகட்டும்.
• ஒவ்வொரு கோரிக்கையிலும் அனுமதியைச் சரிபாருங்கள்.

ஆசிரியர்களுக்கு:

• லிங்க்கைப் பகிருமுன் கேள்விக்குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று படியுங்கள்.
• கூகுள் படிவத்தில் ‘முன்கூட்டியே நிரப்பிய’ லிங்க் செய்தால், நிரப்பிய விடைகள் அந்த முகவரியிலேயே எழுதப்படும். மாணவரின் எண்ணை அதில் நிரப்ப வேண்டாம்.
• மாதிரி காட்ட உண்மையான மாணவரின் எண் தேவையில்லை. தேடும் பக்கத்தின் லிங்க்கே போதும்.

அந்த அம்மாவின் கேள்விக்கு இன்று என்னிடம் பதில் இருக்கிறது. திறந்தவர் போன்களில் இருப்பதை யாராலும் முழுமையாக அழிக்க முடியாது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஐசி எண் அந்தப் பையனோடு வாழ்நாள் முழுதும் வரும். அடுத்த ஆண்டு முதல் முடிவுகளை ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியே கொடுத்தோம். அந்த அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். “வேற புள்ளைக்கு இப்படி நடக்காம பார்த்துக்குங்க டீச்சர்” என்றார். அதற்காகவே இந்தக் கட்டுரை.

உயர்நிலைச் சிந்தனை வினாக்கள்

1. எச்டிடிபிஎஸ் இருந்தும் முகவரி அளவுரு கசியக்கூடிய மூன்று வழிகளை விளக்குக.
2. அடையாளச் சரிபார்ப்பு, அனுமதிச் சரிபார்ப்பு ஆகியவற்றின் வேறுபாட்டை 2011 நிகழ்வைக் கொண்டு விளக்குக.
3. அடையாள அட்டை எண்ணை ஹேஷ் செய்து முகவரியில் வைப்பது ஏன் போதிய பாதுகாப்பு ஆகாது? கணக்கிட்டுக் காட்டுக.