மரக்கலத்தின் உட்பகை

மரக்கலத்திற்குப் பகை யாது என்று வினவினால், புயல் என்போம், பாறை என்போம், போர்க்காலமாயின் பீரங்கி என்போம். வரலாறு வேறொரு பகையையும் காட்டுகிறது. இம்மூன்றுக்கும் தப்பிய கப்பல்கள் பல, துறையில் அமைதியாக நின்றவாறே உளுத்து அழிந்திருக்கின்றன.

1677-ஆம் ஆண்டில் முப்பது புதிய போர்க்கப்பல்கள் கட்டுவதற்கு இங்கிலாந்தின் பாராளுமன்றம் பணம் ஒதுக்கியது. 1684-இல் கடற்படைச் செயலாளராக மீண்டும் பொறுப்பேற்ற சாமுவேல் பெப்பிஸ் அக்கப்பல்களைச் சென்று பார்த்தார். பெரும்பாலானவை துறையை விட்டு வெளியே சென்றதே இல்லை. ஆயினும், கட்டிய இடத்திலேயே மூழ்கிவிடும் நிலையில் சில இருந்தன. கீழறைகள் துடைக்கப்படவில்லை; காற்றுப் புக வழி செய்யப்படவில்லை. தம் முட்டியளவு பருத்த காளான்களை அங்கே தம் கையாலேயே திரட்டியதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். இதனினும் வியப்பு ஒன்று உண்டு. உளுத்த பலகைகளை மாற்றாமல், அவற்றின்மேல் வேறு பலகைகளை அறைந்து, கீல் பூசிய கித்தானை ஒட்டி, குறையை மறைத்திருந்தார்கள். பழுதுபார்த்தல் என்பது அங்கே பழுதை மறைத்தலாக முடிந்தது.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும் இப்பாடம் முற்றும் கற்கப்படவில்லை. நெப்போலியப் போர்க்காலத்தில், 1810-இல் நீரில் இறக்கப்பட்ட ‘குயீன் சார்லட்’ என்னும் பெருங்கப்பல், கடற்பணி தொடங்குமுன்னரே உளுத்துப் போயிற்று. 1812-இல் அதனை ஆராய்வதற்கு ஜேம்ஸ் சவர்பி என்னும் தாவர அறிஞர் அழைக்கப்பட்டார். மரத்தை உண்ணும் பூஞ்சையே கப்பலை அழித்த பகை என்பது தெளிவாயிற்று.

ஆங்கிலத்தில் இந்நோய்க்கு ‘டிரை ராட்’ என்று பெயர். ‘உலர் மக்கல்’ என்று மொழிபெயர்த்தால் சொல் சரி, பொருள் பிழை. உலர்ந்த மரம் உளுப்பதில்லை. நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறைவான ஈரமுள்ள மரத்தில் பூஞ்சை வளர இயலாது. கடலின் உப்பு நீரும் அதற்கு ஒவ்வாது. மேலிருந்து கசியும் மழைநீரும், காற்றோட்டமற்ற வெதுவெதுப்பான மூலையும் அதற்கு உகந்தவை. எனவே கப்பலை வெளியிலுள்ள கடல் அன்று, உள்ளே தங்கிய நன்னீரே உளுக்கச் செய்கிறது.

இக்கேட்டினைத் தாங்கும் மரத்தைத் தேடியவர்கள் நம் நாட்டிற்கு வந்தார்கள். ‘டீக்’ என்னும் ஆங்கிலச் சொல்லே, மலையாளக் கரையிலிருந்து போர்த்துகீசியர் வாய்வழியாகச் சென்ற நம் தேக்குதான். சூரத்திலிருந்து 1736-இல் பம்பாய்க்கு வந்த லௌஜி நஸர்வான்ஜி வாடியாவும் அவர் வழித்தோன்றல்களும் அங்கே தேக்கினால் கட்டிய கப்பல்கள் புகழ் பெற்றன. 1817-இல் நீரில் இறக்கப்பட்டதும் திருக்கோணமலையின் பெயரைத் தாங்கியதுமான ‘டிரிங்கோமலீ’ இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதக்கின்றது. எனினும் தேக்கு சாகாவரம் பெற்றதன்று. அக்கப்பலும் 1990 முதல் 2001 வரை நடைபெற்ற பெரும் பழுதுபார்ப்பினாலேயே மீண்டது.

கண்ணாடி இழைப் படகுகள் 1940-களில் தோன்றியபோது, உளுத்தலின் காலம் முடிந்தது என்று பலர் எண்ணினர். கண்ணாடி இழையும் பிசினும் உளுப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் பழைய படகுகள் பலவற்றில் அவ்விழைக்குள் ஒட்டுப்பலகைத் தளமும் மரச் சட்டங்களும் பொதிந்துள்ளன. ஒரு திருகாணித் துளை வழியே மழைநீர் உட்புகுந்தால், நீரைத் தடுக்க வந்த உறையே அந்நீரை வெளியேற விடாமல் காக்கிறது. மேற்பரப்பு பளபளப்பாகவே இருக்கும்; கால் வைத்தால் அமுங்கும்; சுத்தியலால் தட்டினால் மந்தமான ஓசை எழும். மூடிய கீழறையின் பழைய கதையே இது.

இங்கும் குறையை மறைக்கும் ஆசை எழுகிறது. அமுங்கும் தளத்தின்மேல் புதிதாக ஓர் அடுக்கு பூசினால் போதும் என்று தோன்றும். அது பெப்பிஸ் கண்ட கித்தானேயாகும். முறையான பழுதுபார்ப்பு திறப்பதில் தொடங்குகிறது. மேலுறையை அறுத்து எடுத்து, உளுத்த பலகையை நல்ல மரம் தென்படும் வரை நீக்கவேண்டும். இழைத்தூள் நுரையீரலுக்குக் கேடாதலின் முகமூடி இன்றியமையாதது. தளத்தைத் தாங்கும் சட்டங்களையும் குத்திப் பார்க்கவேண்டும். அடியில் நீர் உறிஞ்சிய நுரைப்பொருள் இருப்பின் அகற்றவேண்டும். பின்னர், எல்லாம் நன்கு உலரும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். புதிய பலகையின் இரு முகங்களுக்கும், சிறப்பாக அதன் விளிம்புகளுக்கும், எபாக்சிப் பிசின் பூசவேண்டும். ஓரங்களைக் கண்ணாடி இழைத் துணியால் படகின் சுவரோடு பிணைக்கவேண்டும். திருகாணிக்குரிய துளையைப் பெரிதாக இட்டு, பிசினால் நிரப்பி, இறுகிய பின் அப்பிசினுக்குள்ளேயே மீண்டும் துளையிட்டால், நீர் மரத்தை எட்டாது.

நேயர்களுள் பலர் சோழமண்டலக் கரையிலோ குமரிக் கரையிலோ உறவினரை விட்டு வந்தவர்களாக இருக்கலாம். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் அக்கரைகளில் கண்ணாடி இழைப் படகுகள் பெருகின. அவற்றுள் மரம் பொதிந்த படகுகளுக்கு இவ்விதி முற்றும் பொருந்தும். கடலுக்குச் செல்பவனின் உயிர் அவன் காலடியிலுள்ள பலகையை நம்பி நிற்கிறது. அது அமுங்கும் நாளில் மேற்பூச்சைத் தேடாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கச் சொல்லி எழுதுங்கள்.