பகைவயிற் பிரிவும் ஓதற் பிரிவும்: படைவீரர் தொலைநிலைக் கல்வியின் வரலாறு

தலைவன் தலைவியைப் பிரிதற்குரிய காரணங்களைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பியர், கல்வி கற்கச் செல்லுதல், பகைவர்மேற் செல்லுதல், தூது செல்லுதல் என்னும் மூன்றனை அகத்திணையியலில் வைத்தார். அவற்றுள் கல்வியும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன எனவும் வரையறுத்தார். உயர்ந்தோர் யாவர் என்பது பற்றிய ஆராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. போருக்கெனப் பிரியும் பொதுப்படைஞனுக்குக் கல்விப் பிரிவு உரியதாகக் கூறப்படவில்லை என்னும் அளவே நாம் கருதற்பாலது. அவ்விரு பிரிவும் ஒருவன்பால் ஒருங்கே கூடியது இருபதாம் நூற்றாண்டிலேயாம். அவ்வரலாற்றையும், அதில் இன்றும் தீராது நிற்கும் ஒரு குறையையும், போடிநாயக்கனூரை நடுவாக வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

போடி முன்னர் ஒரு பாளையம். பாளையம் என்னும் சொல்லுக்கே படைகள் தங்கும் இடம் என்பது பொருள். இன்று அவ்வூர் ஏலக்காய் வாணிகத்தாற் பெயர் பெற்றுள்ளது. காய் விளைவது மேற்கே ஏலமலைச் சரிவில். விலைபோவது கீழே போடியில். 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, தமிழர் பலர் வாழ்ந்த தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைப் பகுதிகள் கேரளத்தைச் சார்ந்தன. அதன் பின்னும் ஒரே சரிவில் ஒரே மொழி பேசுவோர் இரு மாநிலத்தாராகவே நின்றனர். மாநில எல்லை கல்விக்கும் எல்லையாதல் பின்னர்க் காணப்படும்.

படைவீரர் கல்வி முதலிற் பாசறைக் கல்வியாகவே இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் படைஞர்க்குப் பாடமொழியாக உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட உருது வழங்கியது. விடுதலைக்குப் பின் அவ்விடத்தை இந்தி பெற்றது. தமிழ்ப் படைஞன் கல்வியைத் தொடங்குமுன் பிறிதொரு மொழியைக் கற்க வேண்டியவனானான். மேலும், அங்குப் பெற்ற சான்றிதழ் படைக்குள் உயர்வு தருவதாயினும், வெளியுலகில் அதற்குரிய மதிப்பு அரசு விதியால் வழங்கப்பட வேண்டியதாயிற்று. பத்தாம் வகுப்புத் தகுதியோ படைத்துறையின் சிறப்புக் கல்விச் சான்றிதழோ உடைய ஒருவர் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாது பணியாற்றியிருப்பின், முன்னாள் படைவீரர்க்கென ஒதுக்கிய நடுவணரசின் 'சி' பிரிவுப் பணிகளில், பட்டம் வேண்டப்படும் பதவிக்கும் அவரைத் தகுதியுடையவராகக் கொள்ளலாம் என்னும் விதி இவ்வகையது. ஈண்டு மதிக்கப்பட்டது கற்ற கல்வியன்று, கழிந்த காலமே என்பது நோக்கத்தக்கது.

அஞ்சல்வழிக் கல்வி இந்நிலையை மாற்றியது. 1942இல் அமெரிக்க நாடு தன் படைஞர்க்கென விசுகான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் ஒரு கல்வி நிலையத்தை நிறுவி, அஞ்சலிற் பாடம் அனுப்பியது. அது 1974 வரை நடைபெற்றது. இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கிற்று. 1964 முதல் 1966 வரை பணிபுரிந்த கோத்தாரி கல்விக்குழு அம்முறையை விரிவாக்குமாறு பரிந்துரைத்தது. 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அதனை மேற்கொண்டது. போடி மதுரைப் பல்கலைக்கழக எல்லைக்குள் அடங்கிய ஊராதலின், அவ்வூரார்க்கு இது அருகிருந்த வாயிலாயிற்று. இடம் மாறிக்கொண்டே இருப்பவன் படைஞன். அவன் முகவரி மாறுந்தோறும் பாடமும் உடன் மாறிச் செல்லவல்லது அஞ்சல் ஒன்றே.

1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைந்தது. அது படைத்துறையோடு இசைந்து, சண்டிமந்திர், கொல்கத்தா, இலக்னோ, புனே, உதம்பூர், செய்ப்பூர் ஆகிய இடங்களில் தரைப்படைக்கும், தில்லி, மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி ஆகிய இடங்களில் கடற்படைக்கும் மண்டல மையங்களை ஏற்றுக்கொண்டது. இவற்றுள் ஒன்றும் தமிழகத்தில் இல்லை. போடி வழியே செல்லும் நெடுஞ்சாலையின் மேற்கு முனையாகிய கொச்சியே அணித்து. 2009ஆம் ஆண்டையொட்டி 'ஞானதீபம்' என்னும் திட்டம் தோன்றிற்று. பாசறையிற் பெற்ற தொழிற்பயிற்சியையே கல்வி மதிப்பளவாகக் கணக்கிடுவது அதன் புதுமை. கழிந்த காலத்தின் இடத்தைக் கற்ற திறம் பெற்றது.

2022 சூன் திங்களில் அறிவிக்கப்பட்ட அக்கினிபாத் திட்டம் இதனை மேலும் இன்றியமையாததாக்கிற்று. அதன்படி சேர்வோர் நான்கு ஆண்டுகளே பணிபுரிவர்; அவருள் நூற்றுக்கு இருபத்தைவர்க்கு மிகாதோரே நிலைத்த பணியில் கொள்ளப்படுவர். பதினைந்தாண்டு விதி ஏனையோர்க்கு உதவாது. ஆதலின், மேற்கூறிய பல்கலைக்கழகம் அவர்க்கென மூன்றாண்டுப் பட்டப்படிப்பை வகுத்தது. மதிப்பளவிற் பாதி படைப்பயிற்சியாற் கிடைக்கும். மறுபாதியைப் பாடங்களைக் கற்றுப் பெறல் வேண்டும். முதலாண்டுப் பாடங்களோடு நிற்பவர்க்குச் சான்றிதழும், ஈராண்டுப் பாடங்களை முடித்தோர்க்குப் பட்டயமும், மூன்றாண்டும் முடித்தோர்க்குப் பட்டமும் உண்டு. பட்டயம் என்னுஞ் சொல் பண்டு செப்பேட்டில் வரைந்த கொடையைக் குறித்தது. போர்த்தொழிலுக்கு நிலம் பெற்று வாழ்ந்த பாளையத்து மண்ணில், அச்சொல் இன்று கற்ற திறத்துக்குச் சான்றாக வழங்குவது பொருத்தமே.

இனிக் குறைக்கு வருவோம். நடுவணரசின் பல்கலைக்கழகம் படைஞனை எங்கும் பின்தொடரும். ஆயின் அதன் பாடமொழி பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியுமே. 2002இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தமிழ்வழியே பயிற்றவல்லது. ஆயின் மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே படிப்பு மையம் நடத்தலாகாது என்பதைப் பல்கலைக்கழக மானியக்குழு 2013இல் வலியுறுத்தி அறிவித்தது. அவ்வரையறை நோக்கமின்றி எழுந்ததன்று. எல்லை கடந்து பெருகிய மையங்களில் கல்வியின் தரம் தாழ்ந்தமையே அதற்குக் காரணம். எனினும் அதன் விளைவு யாது? உடன்வரும் கல்வி தமிழிற் பேசுவதில்லை. தமிழிற் பேசும் கல்வி உடன்வருவதில்லை.

இதனால் இழப்பு எய்துவோர் யார்? ஆங்கிலப் பயிற்சி மிக்கவர் அல்லர். ஊர்ப்பள்ளியில் தமிழ்வழி பயின்று, பதினெட்டு அகவையிற் படைபுக்கு, இருபத்திரண்டில் மீளும் இளைஞரே. ஊர்தி பழுது பார்க்கவும், மின்பொறி இயக்கவும், கிடங்குக் கணக்கு வைக்கவும் அவர் பாசறையிற் கற்றிருக்கலாம். ஏலக்காய் உலர்த்தும் 'ஸ்டோர்' முதல் வாணிகக் கிடங்கு வரை அத்திறம் போடியிற் பயன்படுவதே. அத்திறத்தின் பாதி மதிப்பளவு கைவந்தும், மறுபாதி மொழியால் தடைப்படுமாயின் பட்டயம் கைகூடாது.

இதற்கு எல்லை விதியை மாற்றுதல் ஒன்றே வழியன்று. பாடம் எழுதுவோர் தமிழில் எழுதித் தருவராயின், எங்கும் செல்லும் பல்கலைக்கழகமே அதனைச் சுமந்து செல்லும். பொறியியல், கணக்கியல், வேளாண்மை ஆகிய துறைகட்குப் படைஞர் தனித்துக் கற்கத்தக்க எளிய தமிழ்ப் பாடங்களை இயற்றுதல் தமிழ்த்துறைகளும் அறிவியல் துறைகளும் கூடிச் செய்தற்குரிய பணி. ஆசிரியன் அருகில்லாத இடத்தில் பாடத்தின் மொழியே ஆசிரியனாதலின், கலைச்சொல் ஒவ்வொன்றும் தன்னைத் தானே விளக்குவதாய் அமைதல் வேண்டும். உயர்ந்தோர்க்கென ஒதுக்கப்பட்டிருந்த ஓதற் பிரிவு, எல்லையில் நிற்கும் எளிய படைஞனுக்கும் முழுதும் உரித்தாவது அப்பொழுதேயாம்.