இரண்டு லட்சம் ரூபாயும் ஒரு சாதிச் சான்றிதழும்

திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராக இருக்கும் நண்பன் போன் பண்ணினான். "டேய், ஒரு பொண்ணுக்கு ஆன்லைன்ல சாதிச் சான்றிதழ் அப்ளை பண்ணணும். நீதான கம்ப்யூட்டர்காரன்." இருளர் பெண், பிளஸ் டூ முடித்தவள். விலங்கியல் படிக்க ஆசை. அப்புறம் என்ன செய்வாய் என்று கேட்டேன். "பாம்பு விஷத்துல ஆராய்ச்சி பண்ணணும் சார்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த ஆராய்ச்சியில் அவள் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், வேறொரு முனையில். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோனது. அதை நம்பியிருந்த இருளர்களின் பிழைப்பும் போயிற்று. ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகை. பிடித்த பாம்பை மண்பானையில் சில வாரம் வைத்திருந்து விஷம் எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள், அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் விஷமுறிவு மருந்து. வயலில் கடிபட்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்குப் போடும் ஊசி. இந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

சரி, பானைப் பக்கத்திலிருந்து மைக்ராஸ்கோப் பக்கத்துக்கு எப்படிப் போவது? அதற்குப் பணம் வேண்டும் என்பதை ரொம்பக் காலம் முன்பே ஒருவர் எழுதி வைத்துவிட்டார்.

1942 அக்டோபரில், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் அரசுக்கு ஒரு மனு கொடுத்தார். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் பட்டியல் சாதியினரைப் பெரிதாக உயர்த்திவிடாது, அறிவியல் தொழில்நுட்பத்தில் உயர்படிப்புதான் வேண்டும், அதன் செலவு அவர்களுக்கு எட்டாது என்பது அவர் வாதம். இந்தியாவுக்குள் அறிவியல் படிக்க ஆண்டுக்கு இரண்டு லட்சம், வெளிநாட்டில் படிக்க ஒரு லட்சம் கேட்டார். எனக்குப் பிடித்தது அந்த ஒரு லட்சம். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா போனவருக்குக் கப்பல் டிக்கெட்டின் மதிப்பு தெரிந்திருக்கிறது. அரசு பணம் ஒதுக்கியது. 1944இல் பட்டியல் சாதியினருக்குத் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, சில வருஷங்களில் பழங்குடியினருக்கும் வந்தது.

ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று தனியாக வர 2005 வரை ஆனது. ராஜீவ் காந்தி தேசிய ஃபெல்லோஷிப், ஆண்டுக்கு 2000 பேருக்கு. அதில் 667 பழங்குடியினருக்கு. நெட் தேர்வு பாஸாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்போது இல்லை, அதுதான் அதன் உயிர். இன்று பழங்குடியினருக்கான திட்டத்தில் ஆண்டுக்கு 750 இடங்கள். நாடு முழுக்க, எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து.

திட்டம் இருக்கிறது, பணம் இருக்கிறது. ஆனால் பள்ளி உதவித்தொகையோ பிஎச்டி ஃபெல்லோஷிப்போ, எந்தப் படிவமானாலும் முதலில் கேட்பது சாதிச் சான்றிதழ்.

தமிழ்நாட்டில் 1989 நவம்பர் வரை பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தாரே கொடுத்தார். பிறகு அந்த அதிகாரம் கோட்டாட்சியருக்குப் போனது. போலிச் சான்றிதழைத் தடுக்கத்தான், காரணம் நியாயமானது. ஆனால் விசாரணை என்று வரும்போது முதலில் கேட்பது அப்பா, அம்மா, தாத்தாவின் சான்றிதழ். சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்த குடும்பத்தில், பள்ளிக்கூடமே போகாத அப்பாவிடம் ஏது சான்றிதழ்? எங்கள் பாஷையில் இது பேஸ் கேஸ் இல்லாத ரிகர்ஷன். எங்கே நிற்பது என்று சொல்லாத புரோகிராம் மேலே மேலே கேட்டுக்கொண்டே போகும். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் தொண்ணூறுகளிலிருந்து போராடிவரும் விஷயங்களில் இந்தச் சான்றிதழும் ஒன்று. 'ஜெய்பீம்' பார்த்துக் கண்கலங்கிய நாம் இந்தப் பகுதியை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

நான் இன்ஜினியரிங் சேர்ந்தபோது முதல் பட்டதாரி சலுகையில் கட்டணம் குறைந்தது. அதற்கும் சான்றிதழ் வேண்டும்தான், ஒரே வாரத்தில் வாங்கிவிட்டேன். என் சாதிச் சான்றிதழ் இன்னும் சுலபம், அப்பாவுடையதை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன். அதை ஒரு வசதி என்று அன்று நினைத்ததே இல்லை.

அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தில் 'பெற்றோர் சான்றிதழ்' என்ற இடத்தில் பதிவேற்ற ஒன்றுமில்லை. ரேஷன் கார்டையும் சித்தப்பா மகனின் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் ஸ்கேன் பண்ணி ஏற்றினோம். நாலு மாசம் ஆகிறது. விசாரணைக்கு ஒருவர் வந்து, பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று அவள் அப்பாவிடம் கேட்டாராம். "தெரியாதுங்க, எனக்குச் சூளை வேலைதான் தெரியும்" என்றிருக்கிறார் அவர். உண்மையைச் சொன்னது தப்பாகப் போய்விடுமோ என்று இப்போது அவருக்குப் பயம்.

அரசுக் கல்லூரியில் விலங்கியலுக்கு இடம் கிடைத்துவிட்டது. சான்றிதழைப் பிறகு தருவதாக எழுதிக் கொடுத்துச் சேர்ந்திருக்கிறாள். நேற்று ராத்திரியும் லாகின் பண்ணிப் பார்த்தேன். 'பரிசீலனையில்' என்றே இருந்தது.