தோற்றவர் எடுத்த தலைநகர்

தலைநகர்கள் எவ்வாறு பிறக்கின்றன? அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தார் 1820-இல் ஒரு குழு அமைத்தனர். மாநிலத்தின் நடுவிலே, எத்திசை மக்களும் வந்தடையத்தக்க இடம் தேடினர். காடு திருத்தித் தெரு வகுத்து இந்தியானாபோலிஸ் எனப் பெயரிட்டனர். 1825-இல் அரசு அலுவலகங்களை அங்கே மாற்றினர். அந்நிலத்துக்கு உரிய செவ்விந்தியரைத் துரத்திய பிறகே அளவுகோல் நீட்டப்பட்டது என்பதை மறக்கலாகாது. எனினும், மக்கள் எளிதில் வந்து செல்ல வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தேர்வில் இருந்தது.

நம் தென்காசியும் ஒரு காலத்துத் தலைநகர்தான். ஆனால் அதைத் தேர்ந்தது மக்கள் குழுவன்று, தோல்வி.

கூடல் மாநகரில் கொலுவிருந்த பாண்டியர் குலம் அரியணைக்காகத் தமக்குள்ளேயே அடித்துக் கொண்டது. உடன்பிறந்தார் பகை முற்றிய நேரத்தில், 1311-இல், மாலிக் காபூரின் படை மதுரையில் நுழைந்தது. பின்னர் அங்கே சுல்தான்களின் ஆட்சி. அதன்பின் விசயநகரத்துக் குமார கம்பணனின் வெற்றி. வென்றவன் மாறினான், பாண்டியனுக்கு மதுரை மீளவில்லை. தெற்கே தெற்கே ஒதுங்கிய அந்தக் குலம் மேற்கு மலையடிவாரத்தில் நிலைகொண்டது. முதுகுக்குப் பின்னே மலையரண். குற்றாலத்திலிருந்து இறங்கிவரும் சிற்றாற்றின் நீர். செங்கோட்டைக் கணவாய் வழியே சேர நாட்டுக்குப் பாதை. ஒதுங்க வேண்டியவனுக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

இதை வரலாறு சொல்கிறது. தல புராணமோ வேறு கதை சொல்கிறது. அரிகேசரி பராக்கிரம பாண்டியனின் கனவில் சிவபெருமான் தோன்றினாராம். வடகாசிக்கு நடந்து வழியிலே மடியும் அடியார்க்காகத் தெற்கே ஒரு காசி சமைக்கச் சொன்னாராம். எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்து சென்ற மன்னன் செண்பகக் காட்டில் சிவலிங்கத்தைக் கண்டானாம். மதுரையை இழந்த மன்னனுக்குக் காசியின் பெயர் தேவைப்பட்டது என்பதை நாம் ஊகிக்கலாம். வாள் தர மறுத்த பெருமையை ஊரின் பெயர் தரும் அல்லவா? கனவுகள் பெரும்பாலும் தேவையறிந்தே வருகின்றன!

ஆயினும், தோழர்களே, அந்த மன்னனை எள்ளி நகையாடிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. காரணம், அவன் கோயிலில் வெட்டுவித்த ஒரு கல்வெட்டு. 1446-இல் கோயிற்பணி தொடங்கியவன், 1457-இல் கோபுரப் பணியைத் தொடங்கினான், 1463-இல் மறைந்தான், எஞ்சிய பணியை அவன் இளவல் குலசேகர பாண்டியன் முடித்தான். அக்கோயிலுக்குப் பிற்காலத்தில் பழுது நேர்ந்தால், அதைச் சீர்செய்து காப்பவர் யாராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்று முடிமன்னன் தமிழ்ப் பாட்டிலே எழுதி வைத்தான். கனவிலே வந்த கடவுள் தம் வீட்டைத் தாமே காத்துக் கொள்வார் என்று அவன் இருந்துவிடவில்லை. கல் சரியும் என்று அறிந்திருந்தான். சரிந்த கல்லை எடுத்து வைக்க மனிதக் கை வேண்டும் என்றும் அறிந்திருந்தான். மதுரையின் வீழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த குலத்தவன் அல்லவா?

அவனுக்குப் பின் வந்தோர் நிலை மேலும் இரங்கத்தக்கது. சீவல்லபன் என்னும் பாண்டியன் திருவிதாங்கூர் வேந்தனிடம் நிலம் இழந்தான். விசயநகர அச்சுததேவராயரின் படை, 1532-ஐ ஒட்டி, தெற்கே வந்து அதை மீட்டுத் தந்தது. அதன்பின் அவன் பூண்ட பட்டம் ‘இறந்தகாலம் எடுத்தவன்’ என்பது! பிறர் படை மீட்டுத் தந்த மண்ணில் நின்றுகொண்டு, போன காலத்தையே மீட்டதாகப் பட்டம். பழம்பெருமை பேசும் நோய் நமக்குப் புதிதன்று.

வாள் மழுங்கிய இடத்தில் எழுத்தாணி கூர்மை பெற்றது. 1564-இல் பட்டமேறிய அதிவீரராம பாண்டியன் நைடதம் பாடினான்; வெற்றிவேற்கையும் அவனுடையதே என்பர். பிறந்த குடி எதுவாயினும் கற்றவனையே மேலே வா என்று அழைப்பர் என்னும் கருத்தை அந்நூலில் காண்கிறோம். வகுப்பறையில் அதைச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும்: அந்த மன்னன் காலத்துத் திண்ணைகளில் எந்தெந்தக் குடிப் பிள்ளைகள் ஏற முடிந்தது?

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு தென்காசிப் பாண்டியர் வரலாற்றிலிருந்து மறைகின்றனர். மதுரை நாயக்கர், பாளையக்காரர், கம்பெனியார் என ஆள்வோர் மாறினர். வெள்ளை அதிகாரிகளுக்குக் குற்றாலச் சாரல் பிடித்துப் போயிற்று. வெயிற்காலத்துக்கு அருவிக் கரையில் பங்களாக்கள் எழுந்தன. 1904-இல் மலையைக் குடைந்து செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இருப்புப்பாதை வந்தது. திருவிதாங்கூரிடமிருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேர்ந்தது. தென்காசிக்காரர் மட்டும் கலெக்டரிடம் மனுக் கொடுக்கத் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏறிக்கொண்டே இருந்தனர். 2019 நவம்பர் 22-இல்தான் தென்காசி தனி மாவட்டமாயிற்று, தமிழகத்தின் 33-ஆவது மாவட்டம். இம்முறை எறும்பும் வரவில்லை, கனவும் வரவில்லை. மக்கள் கேட்டனர், அரசு ஆணை பிறந்தது.

இனி, அந்தக் கோபுரத்துக்கு வருவோம். மன்னன் அஞ்சியது நடந்தே விட்டது. கோபுரம் எரிந்து சிதைந்து, தலைமுறை தலைமுறையாக ‘மொட்டைக் கோபுரம்’ என்ற பெயரோடு நின்றது. 1990-இல் அது ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. அத்திருப்பணியை முன்னின்று நடத்தியவர் பா. சிவந்தி ஆதித்தனார்.

இதிலே என்ன வியப்பு என்பீர்கள். அவர் பிறந்த நாடார் சமூகத்தார் பாண்டி நாட்டுப் பெருங்கோயில்களுள் நுழையலாகாது என்று தடுக்கப்பட்டிருந்தனர். 1897-இல் கமுதிக் கோயிலில் நுழைந்தமைக்காக அவர்கள்மேல் வழக்குத் தொடரப்பட்டது. அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த 1939-ஆம் ஆண்டில்தான் கதவு திறந்தது. அவர்களோடு ஒடுக்கப்பட்ட பிற மக்களும் அப்போதுதான் உள்ளே வந்தனர்.

‘யாராயினும்’ என்று எழுதியபோது பராக்கிரம பாண்டியன் யாரை எண்ணினானோ! பின்வரும் மன்னர்களை எண்ணியிருப்பான், செல்வரை எண்ணியிருப்பான். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனை எண்ணியிருக்க மாட்டான். ஐந்து நூற்றாண்டு கழித்து அவன் வணக்கம் போய்ச் சேர்ந்தது அங்கேதான்.