படம் பார்த்தவர் சொல்

படம் முடிந்து கொட்டகையின் கதவுகள் திறந்ததும் நாம் உடனே வீடு திரும்பிவிடுவதில்லை. வாசலில் சிறிது நேரம் நிற்கிறோம். கதை எவ்வாறு இருந்தது, நடிப்பு எவ்வாறு இருந்தது, எந்த இடத்தில் சலிப்புத் தட்டிற்று, எந்தப் பாட்டு காதில் நிற்கிறது என்றெல்லாம் உடன் வந்தவரிடம் சொல்லுகிறோம். அவர் சொல்வதையும் கேட்கிறோம். மறுநாள் அலுவலகத்திலும், தண்ணீர்க் குழாயடியிலும், ரெயில் வண்டியிலும் அந்தப் பேச்சு தொடர்கிறது. அதைக் கேட்டே அண்டை வீட்டார் அந்தப் படத்திற்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கின்றனர்.

இவ்வளவு எளிய பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டா என்று வினவலாம். உண்டு. படம் பார்த்தவரின் அபிப்பிராயத்தை ஒரு காலத்தில் அரசாங்கமே ஊர் ஊராகச் சென்று கேட்டிருக்கிறது. பத்திரிகைகள் அதனால் வளர்ந்திருக்கின்றன. வானொலியும் அதற்குச் செவி சாய்த்திருக்கிறது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டில் சலனப் படம் முதன்முதல் காட்டப்பட்டது 1896-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், பம்பாயில் வாட்ஸன் ஹோட்டலில். லூமியேர் சகோதரர்களின் துண்டுப் படங்கள் அவை. 1913-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' அதே நகரில் கோரொனேஷன் கொட்டகையில் வெளியாயிற்று. அது முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நம்மவர் பார்த்தவை ஊமைப் படங்களே. ஆனால் படம் ஊமையாக இருந்ததேயன்றிக் கொட்டகை ஊமையாக இருக்கவில்லை. திரையில் தோன்றும் எழுத்து அட்டைகள் பல மொழிகளில் இருக்கும். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், தெரியாதவர் கேட்டுக்கொள்வார். சில கொட்டகைகளில் கதை சொல்லுவதற்கென்றே ஒருவர் திரையருகில் நிற்பார். சபையோர் வில்லனை ஏசுவர். வீரனுக்கு ஆரவாரம் செய்வர். தெய்வம் தோன்றினால் கைகூப்புவர். அபிப்பிராயம் படம் ஓடும்போதே உரத்த குரலில் வெளிப்பட்ட காலம் அது. எனினும் அதைக் குறித்து வைத்தவர் எவருமில்லை.

இந்நிலையில், 1927-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம் ஒரு கமிட்டியை நியமித்தது. இந்தியச் சினிமாட்டோகிராப் கமிட்டி என்பது அதன் பெயர். அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னை வழக்கறிஞரும் மத்திய சட்டசபையில் பெயர் பெற்றவருமான திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். அவரோடு இந்தியர் இருவரும் ஆங்கிலேயர் மூவரும் உறுப்பினராக இருந்தனர்.

கமிட்டி ஏன் அமைக்கப்பட்டது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அந்நாளில் இந்தியக் கொட்டகைகளில் ஓடிய படங்களுள் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தவை. வெள்ளையரின் களியாட்டங்களையும் குற்றங்களையும் திரையில் காணும் இந்தியர், ஆளும் இனத்தின்பால் கொண்ட மதிப்பை இழந்துவிடுவர் என்று அதிகாரிகள் சிலர் அஞ்சினர். அமெரிக்கப் படங்களுக்குப் பதிலாகப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துப் படங்களுக்கு முதலிடம் அளிக்கலாகாதா என்ற வியாபார எண்ணமும் அதனோடு சேர்ந்திருந்தது. இந்தியப் பாமரன் திரையில் கண்டதையெல்லாம் மெய்யென நம்பிவிடுவான் என்பதே இவ்விரண்டிற்கும் அடிப்படை. அவனுக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கக்கூடும் என்று அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை.

ரங்காச்சாரியார் கமிட்டி அறைக்குள் அமர்ந்து தீர்ப்பு எழுதவில்லை. 4,325 வினாத்தாள்களை நாடெங்கும் அனுப்பிற்று. பம்பாய், கராச்சி, லாகூர், பெஷாவர், லக்னோ, கல்கத்தா, சென்னை, ரங்கூன் எனப் பல நகரங்களுக்குச் சென்று 353 சாட்சிகளை நேரில் விசாரித்தது. அவர்களுள் 239 பேர் இந்தியர். ஏனைய 114 பேர் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் அமெரிக்கரும் ஆவர். படம் எடுப்போர், கொட்டகை நடத்துவோர், தணிக்கையாளர், ஆசிரியர், பத்திரிகையாளர், போலீஸ் அதிகாரிகள் எனப் பல திறத்தாரும் வந்து சாட்சியம் அளித்தனர். பால்கேயும் அவர்களுள் ஒருவர். எத்தகைய படத்தை மக்கள் விரும்புகின்றனர், எதனால் விரும்புகின்றனர், படங்களால் ஒழுக்கம் கெடுகிறதா என்றெல்லாம் கமிட்டி வினவிற்று.

மகாத்மா காந்திக்கும் வினாத்தாள் சென்றது. தாம் சினிமாவுக்குச் சென்றதே இல்லையாதலால் விடையளிக்கத் தகுதியற்றவர் என்று அவர் எழுதினார். அத்துடன், சினிமாவால் விளைந்த தீமை கண்கூடு என்றும், நன்மை ஏதேனும் உண்டாயின் அது இனித்தான் நிரூபிக்கப்பட வேண்டும் என்றும் குறித்தார். படம் பார்க்காதவர் படத்தைப் பற்றிக் கொண்டிருந்த கருத்துக்கு இது நேர்மையான ஒரு சான்று. தாம் பார்த்ததில்லை என்பதை மறைக்காமல் முதலிலேயே அவர் சொல்லிவிட்டார்.

பார்த்தவர் சொன்னது வேறாக இருந்தது. அந்நாளில் இந்தியாவில் காட்டப்பட்ட படங்களுள் மக்கள் பெரிதும் விரும்பியது டக்ளஸ் பேர்பாங்க்ஸ் நடித்த 'பாக்தாத் திருடன்' என்று கமிட்டி கண்டது. பறக்கும் கம்பளமும் மாயமும் கீழ்நாட்டுக் கதையும் கலந்த படம் அது. அதே வேளையில், நன்கு எடுக்கப்பட்ட இந்தியப் படம் கிடைக்குமாயின் இந்தியர் அதையே மேலாக விரும்பினர் என்பதும் தெளிவாயிற்று. மேல்நாட்டுப் படங்களால் நாடு சீரழிகிறது என்ற கூக்குரலுக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை.

1928-ஆம் ஆண்டு அறிக்கை வெளியாயிற்று. சாம்ராஜ்யப் படங்களுக்குச் சலுகை தரவேண்டும் என்ற கருத்தை அது ஏற்கவில்லை. அமெரிக்கப் படம் மிகுதியாக வருவது நம் நாட்டுக்குத் தீங்கானால், பிற மேல்நாட்டுப் படம் மிகுதியாக வருவதும் அதே அளவு தீங்கே என்னும் கருத்துப்பட அது எழுதிற்று. இந்தியப் படத் தொழிலுக்கு அரசாங்கம் பொருளுதவி செய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இந்தியப் படங்களைத் திரையிடக் கொட்டகைகளைக் கட்டாயப்படுத்துவது போன்ற சில பரிந்துரைகளை ஆங்கிலேய உறுப்பினர் மூவரும் ஏற்க மறுத்துத் தனிக் குறிப்பு எழுதினர். அறிக்கை அப்படியே கிடப்பில் போடப்பட்டது. எனினும், ஆளுவோர் எதிர்பார்த்த விடையைப் பார்வையாளர் அளிக்கவில்லை என்பது அச்சில் நிலைத்துவிட்டது. சாட்சியங்கள் நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. அக்காலத்து இந்தியர் படத்தைப் பற்றி என்ன நினைத்தனர் என்று அறிய விரும்புவோர் இன்றும் அவற்றையே நாடுகின்றனர்.

ஆயினும் அத்தொகுதிகளில் ஒரு குறை உண்டு. வினாத்தாள் ஆங்கிலம் அறிந்தவருக்குச் சென்றது. சாட்சி கூறியவருள் பெரும்பாலோர் படித்தவர், பதவியில் இருந்தவர். பெண்கள் மிகச் சிலரே. தரையில் அமர்ந்து படம் பார்த்த ஆலைத் தொழிலாளியும், துறைமுகக் கூலியாளும் எதை விரும்பினர் என்பதைக் கொட்டகை முதலாளிகள் சொல்லித்தான் அறிகிறோம்; அவர்கள் வாய்மொழியாக அறியக் கூடவில்லை. கேட்கப்பட்டவர் சொல் நின்றது. கேட்கப்படாதவர் சொல் காற்றோடு போயிற்று.

1931-ஆம் ஆண்டு படம் பேசத் தொடங்கியது. மார்ச் 14-ஆம் நாள் பம்பாய் மெஜஸ்டிக் கொட்டகையில் 'ஆலம் ஆரா' வெளியாயிற்று. அக்டோபர் 31-ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வந்தது. நமக்கு முதற் பேசும்படமாக விளங்கிய அந்தக் 'காளிதாஸ்' சென்னையில் எடுக்கப்பட்டதன்று, பம்பாயில் எடுக்கப்பட்டது. அதில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலித்தன. 1934-ஆம் ஆண்டு சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோ தோன்றும் வரையில், தமிழ்ப் படம் எடுக்க விரும்பியவர் பம்பாய்க்கும் கோலாப்பூருக்கும் கல்கத்தாவுக்கும் ரெயில் ஏற வேண்டியிருந்தது. தமிழ்ப் பேசும்படமும் நம்மில் பலரைப் போலவே வெளியூரில்தான் தன் வாழ்வைத் தொடங்கிற்று என்பது நினைவில் வைக்கத் தக்கது.

ஊமைப் படத்தைப் பார்த்த பெஷாவர்க்காரரும் மதுரைக்காரரும் ஒரே படத்தைப் பற்றிப் பேச முடிந்தது. பேசும்படம் வந்தபின் சபையோர் மொழிவாரியாகப் பிரிந்தனர். அதனால் ஓர் இழப்பு நேர்ந்தது; ஒரு பேறும் கிட்டியது. தன் மொழியில் வசனமும் பாட்டும் கேட்டவர் அதன் குற்றங்குறைகளைத் துணிந்து எடுத்துரைத்தார். உச்சரிப்புத் தவறு, பாத்திரத்திற்குப் பொருந்தாத பேச்சு, அளவுக்கு மீறிய பாட்டு ஆகியவை விவாதப் பொருளாயின. 'ஆனந்த விகட'னில் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய கூர்மையான விமரிசனங்களைப் படித்தோர், தாமும் அவ்வாறே நயம்பட நிறை குறை கூறப் பழகினர். பம்பாயில் 1935-ஆம் ஆண்டு பாபுராவ் படேல் தொடங்கிய 'பிலிமிந்தியா' என்னும் ஆங்கில மாத இதழ் வாசகரின் வினாக்களுக்கு ஆசிரியர் விடையளிக்கும் பகுதியால் பெரும் புகழ் பெற்றது. தமிழிலும் 'பேசும் படம்', 'குண்டூசி' முதலிய இதழ்களில் கேள்வி பதில் பகுதியைத்தான் பலர் முதலில் புரட்டினர். ஓர் அஞ்சலட்டையின் விலை கொடுக்க முடிந்தவர் எவராயினும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம் என்ற நிலை வந்தது. ரங்காச்சாரியார் கமிட்டி எட்டாத பலரை அஞ்சலட்டை எட்டியது.

நாடு விடுதலையடைந்த 1947-ஆம் ஆண்டு, கல்கத்தாவில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர் சிலரும் ஒரு பிலிம் சொசைட்டியை நிறுவினர். ஐஸன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' அவர்கள் முதலில் திரையிட்ட படம். படத்தைப் பார்ப்பது, பின்னர் அமர்ந்து பேசுவது என்பதே அவர்கள் முறை. நன்றாக இருந்தது என்பதோடு நிற்காமல், ஏன் நன்றாக இருந்தது என்று ஒருவருக்கொருவர் வினவிக்கொண்டனர். 1952-ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் அகில உலகத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை, டில்லி, கல்கத்தா நகரங்களுக்கும் சென்றது. இத்தாலியின் 'சைக்கிள் திருடர்க'ளும் ஜப்பானின் 'ராஷோமோ'னும் அதில் காட்டப்பட்டன. தெருவிலேயே படமெடுக்கலாம், சாதாரண மனிதரையே நடிக்க வைக்கலாம் என்பதை நம் நாட்டார் கண்ணாரக் கண்டனர். 1955-ஆம் ஆண்டு ராயின் 'பாதேர் பாஞ்சாலி' வெளியாயிற்று. ரசிகர் கூடிப் பேசிய இடத்திலிருந்தே ஒரு மாபெரும் இயக்குநர் எழுந்தார் என்று சொல்வது மிகையாகாது.

1959-ஆம் ஆண்டு இச்சொசைட்டிகள் ஒன்றுசேர்ந்து ஒரு சம்மேளனம் அமைத்தன. ராய் அதன் தலைவர். துணைத் தலைவராக இருந்தவர்களுள் அம்மு சுவாமிநாதனும் ஒருவர். சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்ற பெருமாட்டி அவர். ஆயினும் சொசைட்டி அங்கத்தினர் நகரத்துப் படித்த வகுப்பினரே. கமிட்டியிடம் கண்ட குறை இங்கும் முற்றும் நீங்கவில்லை.

வானொலியின் கதையும் இதனோடு தொடர்புடையது. 1950களின் தொடக்கத்தில் நம் வானொலி நிலையங்களில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய ஒலிக்காது போயிற்று. சாஸ்திரீய சங்கீதத்தை வளர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. நேயர்கள் வாதம் செய்யவில்லை. இலங்கை வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பினர். 1952-ஆம் ஆண்டு இறுதியில் அங்குத் தொடங்கிய 'பினாகா கீத் மாலா'வுக்கு நம் நாட்டிலிருந்து கடிதங்கள் குவிந்தன. 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பட்டது. சினிமாப் பாட்டு மீண்டும் நம் வானொலியில் உரிய இடம் பெற்றது. எது தமக்கு நல்லது என்று பிறர் தீர்மானித்ததற்கு, கேட்டவர் அளித்த விடை அது. 1928-இல் சாட்சிகள் அளித்த விடையும் இத்தகையதே.

இனி நம்மைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம். சொந்த மாநிலத்தை விட்டு வந்த தமிழருக்கு ஒரு தமிழ்ப் படம் என்பது பல ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியாகவே கிடைத்தது. பம்பாயில் மாதுங்காவுக்கு அருகில், கிங்ஸ் சர்க்கிளில் இருந்த அரோரா கொட்டகை நம்மவர்க்கு நன்கு அறிமுகமானது. வேறு ஊர்களில் சங்கத்தார் கொட்டகையை வாடகைக்கு எடுத்துத் திரையிட்டதும் உண்டு. அக்காட்சிக்கு வந்தோர் படத்தை மட்டும் காண வந்தவரல்லர். படம் விட்டபின் வாசலில் நின்று, இந்த வசனம் நம் ஊர்ப் பேச்சா, அந்தத் தெரு எந்த ஊர், இப்போதும் அங்கே அப்படித்தான் பேசுகிறார்களா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டனர். வெளியூரில் பிறந்த பிள்ளைகள் பெற்றோரின் ஊரைப் பற்றி அறிந்தவற்றுள் ஒரு பகுதி அந்த வாசற் பேச்சில் கிடைத்ததே.

இன்று அத்தகைய ஒற்றைத் திரைக் கொட்டகைகள் பல மூடப்பட்டுவிட்டன. படம் வீட்டிற்குள்ளேயே வந்துவிடுகிறது. அபிப்பிராயம் சொல்லும் வழிகளும் பெருகியுள்ளன. ஆனால், அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நின்று பேசியவர் என்ன பேசினர் என்பது எந்த அறிக்கையிலும் இல்லை. அவர்களிடம் எந்தக் கமிட்டியும் வந்து கேட்கவில்லை. அவர்களுள் பலர் இப்போது முதுமை எய்தியவர். நம் இல்லங்களிலேயே இருக்கின்றனர்.

அவர்களை நாம் கேட்கலாம். எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், என்ன கட்டணத்தில் எந்தப் படத்தைப் பார்த்தார்கள், பார்த்தபின் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆண்டோடு குறித்து வைக்கலாம். ரங்காச்சாரியாருக்கு 4,325 வினாத்தாள்கள் வேண்டியிருந்தன. நமக்கு ஒரு மாலைப் பொழுதும், பொறுமையாகக் கேட்கும் செவியும் போதும்.